ஸ்பானிய நிகழ்கால வினைகள்: தமிழ் வழியாகப் போனால் பாதி வேலை மிச்சம்

ஸ்பானிஷ் கற்க ஆரம்பிப்பவர்கள் முதலில் திணறுவது வினைச்சொல்லில்தான். 'பேசு' என்ற ஒரே வினைக்கு ஆறு வடிவம், வினைகளில் மூன்று வகை, அப்புறம் விதிவிலக்கு என்று நீளமாக ஒரு பட்டியல். ஆங்கிலத்தில் எழுதிய பாடப்புத்தகத்தைத் திறந்தால், ஆளுக்குத் தகுந்தபடி வினையின் வால் மாறும் என்பதையே பெரிய அதிசயம் போலப் பக்கம் பக்கமாக விளக்கியிருப்பார்கள். ஆங்கிலம் பேசுகிறவருக்கு அது அதிசயம்தான். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறாள், பேசுகிறோம் என்று நாள் முழுக்க விகுதி மாற்றிக்கொண்டே இருக்கிற நமக்கு இதில் என்ன இருக்கிறது? பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மார்க் வாங்கியவர்களுக்கு ஸ்பானிய வினை பாதி தெரிந்த விஷயம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், நாம் தமிழை ஓரமாக வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் யோசித்து அங்கிருந்து ஸ்பானியத்துக்குத் தாவுகிறோம். அந்தச் சுற்றுவழி வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. தமிழிலிருந்து நேராகப் போங்கள். சில இடங்களில் தமிழும் காலை வாரும், அவற்றையும் சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் எழுத்து விஷயம். ஸ்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன், அதில் ஒரு ஏற்பாடு உண்டு: அழுத்தம் விழும் அசையை மட்டும் நெடிலாக எழுதியிருக்கிறேன், மற்றதெல்லாம் குறில். ஸ்பானியத்தில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. அதனால் நெடிலைப் பார்த்ததும் இழுக்காதீர்கள், அந்த அசையைக் கொஞ்சம் ஓங்கிச் சொன்னால் போதும். சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் க, த இரண்டையும் 'அகம்', 'அது' என்பதில் சொல்வது போல மென்மையாகவே சொல்லுங்கள், ஸ்பானியர்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள். க்க, த்த என்று இரட்டித்திருந்தால் வல்லோசை. சொல்லின் முதலில் வரும் ப, த, க எந்த ஓசை என்பதை நம் எழுத்து காட்டாது, அதற்கு ஒலிப்பதிவைக் கேட்பதைத் தவிர வழியில்லை. ஸ என்று நான் எழுதுகிற சில இடங்களில் ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்துச் சொல்வார்கள். இங்கே இருப்பது லத்தீன் அமெரிக்க உச்சரிப்பு.

ஆறு இடங்கள்

தன்மை, முன்னிலை, படர்க்கை. ஒவ்வொன்றிலும் ஒருமை, பன்மை. மொத்தம் ஆறு. யோ என்றால் நான், தூ என்றால் நீ, ஏல் அவன், ஏய அவள், நொஸோத்ரொஸ் நாம் அல்லது நாங்கள் (இரண்டுக்கும் ஒரே சொல்தான், அந்த நுட்பம் அவர்களிடம் இல்லை), பொஸோத்ரொஸ் என்றால் நெருங்கியவர்கள் பலரை 'நீங்கள்' என்பது, ஏயொஸ் அவர்கள். இதில் பொஸோத்ரொஸ் ஸ்பெயினுக்கு வெளியே ஏறக்குறைய புழக்கத்திலேயே இல்லை. லத்தீன் அமெரிக்காவில் பேசப் போகிறீர்கள் என்றால் அதைப் பார்த்தால் புரிகிற அளவுக்கு வைத்துக்கொண்டு, வாயில் பழகுவதைத் தள்ளிப்போடலாம்.

உஸ்தேத் என்பதுதான் எல்லோரையும் குழப்புவது. ஒருவரை மரியாதையாக 'நீங்கள்' என்பது அது, ஆனால் வினை மட்டும் படர்க்கையில் வரும். 'தங்கள் கருணை' என்பது போன்ற பொருளில் ஒருகாலத்தில் சொன்ன ப்வேஸ்த்ர மெர்ஸேத் என்ற விளி தேய்ந்து தேய்ந்து உஸ்தேத் ஆனதால் வந்த வினை. எதிரில் நிற்பவரிடமே "ஐயா என்ன சொல்கிறார்?" என்று நாம் கேட்பதில்லையா, அதே சங்கதி. பலரைச் சொல்லும்போது உஸ்தேதெஸ், அதற்குப் படர்க்கைப் பன்மை வினை.

இந்தப் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, பேசும்போது முக்கால்வாசி இடத்தில் விட்டுவிடுங்கள். "வருகிறேன்" என்றாலே நான் என்பது தெரிகிறது, "நான் வருகிறேன்" என்றால் மற்றவர் வராவிட்டாலும் நான் வருகிறேன் என்று ஓர் அழுத்தம் தொனிக்கிறது அல்லவா, ஸ்பானியத்திலும் அச்சாக அப்படியே. ஆங்கில வழியில் படித்தவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் யோ, யோ என்று ஆரம்பிப்பார்கள். கேட்பவருக்கு இவர் தன்னைப் பற்றியே பேசுகிறாரே என்று இருக்கும்.

பகுதியும் விகுதியும்

அகராதியில் ஸ்பானிய வினை ஆர், ஏர், ஈர் என்ற மூன்றில் ஒன்றில் முடியும். அப்லார் (பேச), கொமேர் (சாப்பிட), பிவீர் (வாழ, வசிக்க). இந்த வாலை வெட்டினால் மிஞ்சுவது பகுதி. அதோடு விகுதியை ஒட்ட வேண்டும். தமிழில் பேசு + கிறு + ஏன் என்று காலம் காட்டும் இடைநிலை ஒன்று நடுவில் உட்காரும், இங்கே நிகழ்காலத்துக்கு அதுவும் இல்லை, நேராக ஒட்டுவதுதான்.

ஆப்லொ: பேசுகிறேன்
ஆப்லஸ்: பேசுகிறாய்
ஆப்ல: பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறார், (உஸ்தேத்) பேசுகிறீர்கள்
அப்லாமொஸ்: பேசுகிறோம்
அப்லாய்ஸ்: பேசுகிறீர்கள் (ஸ்பெயினில், நெருங்கியவர்களிடம்)
ஆப்லன்: பேசுகிறார்கள், (உஸ்தேதெஸ்) பேசுகிறீர்கள்

ஆண், பெண், அஃறிணை எல்லாவற்றுக்கும் ஒரே ஆப்ல. தமிழில் ஆன், ஆள், ஆர், அது என்று நாலைந்து விகுதியைச் சமாளிக்கிறவர்களுக்கு இது ஓய்வு மாதிரி. ஒரே ஓர் எச்சரிக்கை: 'அவர் பேசுகிறார்' என்பதில் மரியாதை இருக்கிறதே என்று பன்மைக்குப் போகாதீர்கள். ஒரே ஆள் என்றால் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் ஆப்ல. ஆப்லன் என்றால் குறைந்தது இரண்டு பேர்.

இப்போது நெடில் எங்கே நிற்கிறது என்று மேலே மறுபடி பாருங்கள். நான்கு வடிவத்தில் அது பகுதியில், அதாவது சொல்லின் தலையில். நாம், பொஸோத்ரொஸ் வடிவங்கள் இரண்டில் மட்டும் விகுதிக்கு நகர்ந்துவிடுகிறது. இதை இப்போதே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய தலைவலி ஒன்றைத் தீர்க்கப் போவது இந்தச் சின்ன நகர்வுதான்.

ஏர் வகையில் அ இருந்த இடத்தில் எ: கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கொமேய்ஸ், கோமென். ஈர் வகை: பீவொ, பீவெஸ், பீவெ, பிவீமொஸ், பிவீஸ், பீவென். ஏர், ஈர் இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படிப்பது வீண். நாம், பொஸோத்ரொஸ் இரண்டைத் தவிர மற்ற நாலும் ஒன்றேதான். தன்மை ஒருமை மூன்று வகைக்கும் ஒ, அதில் யோசிக்கவே எதுவும் இல்லை.

எந்த வகையை முதலில் பிடிப்பது? சந்தேகமே வேண்டாம், ஆர். ஸ்பானிய வினைகளில் பெரும்பான்மை அதுதான், புதிதாகப் பிறக்கும் வினைகளும் அநேகமாக அங்கேதான் போய்ச் சேரும். ட்விட்டர் வந்ததும் அதில் பதிவிடுவதற்கு த்வித்தெஆர் என்று ஒரு வினை உண்டாக்கிக்கொண்டார்கள், அதுவும் ஆர்.

'இல்லை' என்று சொல்லும் இடம்

எதிர்மறை ஸ்பானியத்தில் மிக எளிது. வினைக்கு முன்னால் நோ போட்டால் ஆயிற்று: நோ ஆப்லொ, பேசுவதில்லை. ஆனால் தமிழ் நம்மைக் கவிழ்க்கும் முதல் இடம் இதுதான். பேசவில்லை என்ற சொல்லைப் பாருங்கள்: நான் பேசவில்லை, நீ பேசவில்லை, அவர்கள் பேசவில்லை. ஆள் மாறினாலும் சொல் மாறவில்லை, விகுதியே காணாமல் போய்விட்டது. அந்தப் பழக்கத்தில் நோ சொன்ன உடனே வினையை மொட்டையாக விட்டு "நோ அப்லார்" என்று வாய் போய்விடும். ஸ்பானியத்தில் எதிர்மறையிலும் ஆள் உண்டு: நோ ஆப்லொ, நோ ஆப்லஸ், நோ ஆப்லன். புதிய வினை எதைப் படித்தாலும் உடன்பாடு ஒரு தரம், எதிர்மறை ஒரு தரம் என்று சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும்

இது நான் மிகவும் ரசிக்கும் பகுதி. ஸ்பானியத்தில் கூஸ்த என்ற வினையை விளக்க ஆங்கிலப் பாடங்கள் படாத பாடு படும். மெ கூஸ்த ல மூஸிக்க. மெ என்பது எனக்கு, கூஸ்த பிடிக்கிறது, ல மூஸிக்க இசை. எனக்கு இசை பிடிக்கும். முடிந்தது பாடம். பிடிக்கிற பொருள் பலவாக இருந்தால் வினையும் பன்மையாகும்: மெ கூஸ்தன் லொஸ் லீப்ரொஸ், எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும். தலைவலிக்கும் அதே அமைப்பு: மெ த்வேலெ ல கவேஸ, எனக்குத் தலை வலிக்கிறது. நடுவில் ஆங்கிலத்தைக் கூப்பிட்டால்தான் இதில் கஷ்டம்.

ஆனால் 'எனக்கு' என்று தமிழில் ஆரம்பிக்கிற எல்லாம் இப்படி வராது, அங்கே உஷாராக இருக்க வேண்டும். எனக்குத் தெரியும் என்பதற்கு ஸே, அதாவது 'அறிகிறேன்' என்பது போலத் தன்மை வினை. எனக்கு வேண்டும் என்பதற்கு க்யேரொ. என்னால் முடியும் என்பதற்கு ப்வேதொ. என்னிடம் இருக்கிறது என்பதற்கு தேங்கொ. பசியைக்கூட அவர்கள் 'வைத்திருக்கிறார்கள்': தேங்கொ ஆம்ப்ரெ, எனக்குப் பசிக்கிறது. வயதும் அப்படியே, 20 வயது என்றால் தேங்கொ பேய்ன்தெ ஆஞொஸ். தமிழில் தெரியும், வேண்டும், முடியும் மூன்றும் ஆளுக்கு ஆள் மாறாதவை, ஸ்பானியத்தில் மூன்றும் முழுதாக ஆறு வடிவமும் எடுக்கும். நாள்தோறும் வாயில் புழங்கும் வினைகள் இவை, அதனால் முதல் வாரத்திலேயே இவற்றை ஒரு கை பார்த்துவிடுங்கள்.

ப்வேதொ, க்யேரொ இரண்டுக்கும் பின்னால் இன்னொரு வினை வந்தால் அதை அகராதி வடிவத்திலேயே விட்டுவிடலாம். ப்வேதொ அப்லார், பேச முடியும். க்யேரெஸ் கொமேர்?, சாப்பிட விரும்புகிறாயா? 'பேச', 'சாப்பிட' என்று நாம் விடுகிற அதே எச்சம். வினைமாற்றம் அவ்வளவாக வராத ஆரம்ப நாட்களில் இந்த இரண்டை வைத்துக்கொண்டே நிறைய ஓட்டலாம்.

இரண்டு 'இரு'

ஸேர், எஸ்தார். இரண்டுமே ஒழுங்கற்றவை, இரண்டுமே இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஸோய், ஏரெஸ், ஏஸ், ஸோமொஸ், ஸோய்ஸ், ஸோன் என்பது முதலாவது. எஸ்தோய், எஸ்தாஸ், எஸ்தா, எஸ்தாமொஸ், எஸ்தாய்ஸ், எஸ்தான் இரண்டாவது.

எதை எப்போது? தோராயமாக ஒரு வழி சொல்கிறேன். தமிழில் வினையே இல்லாமல் முடிகிற வாக்கியம் என்றால் ஸேர்: நான் மாணவன், ஸோய் எஸ்துத்யான்தெ. தமிழில் 'இரு' வருகிறது என்றால் எஸ்தார்: வீட்டில் இருக்கிறேன், எஸ்தோய் என் காஸ, களைப்பாக இருக்கிறேன், எஸ்தோய் கன்ஸாதொ (பெண் என்றால் கன்ஸாத). இது பல இடங்களில் செல்லுபடியாகும், எல்லா இடத்திலும் அல்ல. 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்பதில் இரு வந்தாலும் உயரம் அவளுடைய இயல்பு, எனவே ஏஸ் ஆல்த்த. இயல்பா நிலையா என்று கேட்டுப் பார்த்தால் இந்த மாதிரி இடங்கள் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஓர் இடத்தில் ஒரு பொருள் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் ஆய் என்ற ஒற்றைச் சொல் போதும், ஒன்றோ பலவோ அது மாறாது, நம்முடைய 'உண்டு' போலவே.

மூன்றாவதாக ஈர், அதாவது போக: போய், பாஸ், பா, பாமொஸ், பாய்ஸ், பான். போகிறேன் என்பதற்குப் போய்! தற்செயல்தான், உறவு ஒன்றும் இல்லை, முதல் எழுத்தையும் 'பாம்பு'வில் வரும் இரண்டாவது ப மாதிரிச் சொல்ல வேண்டும், ஆனாலும் இனி மறக்காது.

பகுதி உடையும் வினைகள்

சரி, அந்தத் தலைவலிக்கு வருவோம். பொதேர் (முடிய) என்ற வினை: ப்வேதொ, ப்வேதெஸ், ப்வேதெ, பொதேமொஸ், பொதேய்ஸ், ப்வேதென். பகுதியில் இருந்த ஒ நான்கு இடத்தில் வே ஆகிவிட்டது, இரண்டு இடத்தில் அப்படியே நிற்கிறது. கெரேர் (விரும்ப) என்ற வினையில் எ உடைந்து யே ஆகிறது: க்யேரொ, க்யேரெஸ், க்யேரெ, கெரேமொஸ், கெரேய்ஸ், க்யேரென். இவற்றுக்குப் பாடப்புத்தகங்களில் பூட்ஸ் வினைகள் என்று பெயர், அட்டவணையில் அந்த நான்கு கட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டால் பூட்ஸ் வடிவம் வருமாம். படம் நன்றாகத்தான் இருக்கிறது, காரணத்தைத்தான் சொல்லவில்லை.

காரணம் நெடில். அழுத்தம் பகுதியின் மேல் விழும்போது உயிர் உடைகிறது, அழுத்தம் விகுதிக்கு நகர்ந்ததும் உடைவதற்கு ஒன்றும் இல்லை, பழைய ஒ, எ அப்படியே மிஞ்சுகிறது. லத்தீனில் குறிலாக இருந்த எ, ஒ பலவும் அழுத்தம் பட்ட இடத்தில் ஸ்பானியத்தில் இப்படித்தான் யே, வே ஆயின. இது வினைக்கு மட்டும் உள்ள வழக்கமும் அல்ல, எண்களிலேயே பார்க்கலாம்: 9 என்பது ந்வேவெ, 90 என்பது நொவேன்த. 7 ஸ்யேத்தெ, 70 ஸெத்தேன்த. அழுத்தம் பின்னால் போனதும் வே மறுபடி ஒ ஆகிறது, யே மறுபடி எ ஆகிறது.

இதற்கு இன்னும் நல்ல சாட்சி அர்ஜென்டினாவில் கிடைக்கும். அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, மத்திய அமெரிக்காவின் பல பகுதிகளில் 'நீ' என்பதற்கு தூ சொல்வதில்லை, போஸ் என்பார்கள், அதன் வினையில் அழுத்தம் விகுதியில் விழும்: போஸ் அப்லாஸ், போஸ் கொமேஸ், போஸ் பிவீஸ். அழுத்தம் நகர்ந்துவிட்டதே, அப்போது பொதேர் என்ன ஆகும்? போஸ் பொதேஸ். உடையவில்லை! நம் விதி சரியாக வேலை செய்கிறது. (ஸேர் மட்டும் தனி வழி, போஸ் ஸோஸ்.)

உடையும் விதம் மூன்று. ஒ, வே ஆவது: தொர்மீர் (தூங்க), த்வேர்மொ. எ, யே ஆவது: பென்ஸார் (நினைக்க), ப்யேன்ஸொ, என்தெந்தேர் (புரிந்துகொள்ள), என்த்யேந்தொ. எ, இ ஆவது: பெதீர் (கேட்டுப் பெற), பீதொ, பீதெஸ், பீதெ, பெதீமொஸ், பெதீஸ், பீதென், இந்த மூன்றாவது ஈர் வகையில் மட்டும் நடக்கும். ஹுகார் (விளையாட) என்ற வினையில் உ போய் வே ஆகும், ஹ்வேகொ, ஆனால் அந்த மாதிரி வினை அது ஒன்றுதான், அதற்கென்று தனிப் பாடம் வேண்டாம்.

எந்த வினை உடையும், எது உடையாது என்பதை அகராதி வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கொமேர் உடையாது, மொவேர் (அசைக்க) உடையும், ம்வேவொ. ஆகவே புதிய வினை எதையும் தனியாக எழுதி வைக்காதீர்கள், ஜோடியாக எழுதுங்கள்: தொர்மீர், த்வேர்மொ. பென்ஸார், ப்யேன்ஸொ. இந்த இரண்டும் தெரிந்தால் மிச்ச வடிவங்களை நீங்களே கட்டிக்கொள்ளலாம்.

தன்மையில் மட்டும் முரண்டு பிடிப்பவை

சில வினைகள் 'நான்' வடிவத்தில் மட்டும் குறும்பு செய்துவிட்டு மற்ற இடங்களில் சாதுவாக இருக்கும். ஒரு கூட்டம் நடுவில் க-வை நுழைக்கும்: பொனேர் (வைக்க) போங்கொ, ஸலீர் (வெளியேற) ஸால்கொ, அஸேர் (செய்ய) ஆகொ, த்ரஏர் (கொண்டுவர) த்ராய்கொ. மற்றவை ஒழுங்கு: போனெஸ், ஸாலெஸ், ஆஸெஸ். இன்னொரு கூட்டம் ஸ்கொ என்று முடியும்: கொனொஸேர் (ஒருவரை, ஓர் இடத்தைத் தெரிந்திருக்க) கொனோஸ்கொ. தார் (கொடுக்க) தோய், பேர் (பார்க்க) பேஒ.

தெனேர் (வைத்திருக்க), பெனீர் (வர) இரண்டும் இரட்டை வேலை செய்யும், தன்மையில் க, மற்ற இடங்களில் உடைவு: தேங்கொ, த்யேனெஸ், த்யேனெ, தெனேமொஸ், தெனேய்ஸ், த்யேனென். பெனீரும் இதே ராகம்: பேங்கொ, ப்யேனெஸ், ப்யேனெ, பெனீமொஸ், பெனீஸ், ப்யேனென். தெஸீர் (சொல்ல) கூட அப்படியே: தீகொ, தீஸெஸ், தீஸெ, தெஸீமொஸ், தெஸீஸ், தீஸென்.

எஸ்கொஹேர் (தேர்ந்தெடுக்க) எஸ்கோஹொ மாதிரி சில வினைகளையும் விதிவிலக்கு என்று பட்டியலில் சேர்த்திருப்பார்கள். நம்பாதீர்கள். காதில் ஒரு மாற்றமும் இல்லை, அந்த ஹ ஓசையைக் காப்பாற்றுவதற்காக அவர்கள் எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தை மாற்றுகிறார்கள். தமிழில் எழுதினால் அது தெரியக்கூட இல்லை பாருங்கள். எழுதும்போது கவனித்தால் போதும்.

எதற்கெல்லாம் நிகழ்காலம்

வழக்கமாகச் செய்வதற்கும், இப்போது செய்துகொண்டிருப்பதற்கும், சீக்கிரம் செய்யப் போவதற்கும் இந்த ஒரே வடிவம் உதவும். மஞான பேங்கொ, நாளைக்கு வருகிறேன். தமிழில் எதிர்காலத்துக்கு நாம் வருகிறேன் என்று சொல்வது போலவே. தினசரி வழக்கத்தைச் சொல்லும்போது மட்டும் கவனம்: 'தினமும் நடப்பேன்' என்று நாம் எதிர்கால வடிவத்தில் சொல்வோம், அவர்கள் நிகழ்காலத்தில் சொல்வார்கள்.

ரொம்ப நாளாக நடந்துகொண்டிருப்பதற்கும் நிகழ்காலம்தான். பீவொ அக்கீ தேஸ்தெ ஆஸெ தோஸ் ஆஞொஸ், இரண்டு வருஷமாக இங்கே வசிக்கிறேன். ஆங்கிலத்தில் இதற்கு வேறு காலம், வேறு துணைவினை என்று ஒரு ஏற்பாடே உண்டு, அங்கிருந்து வருகிறவர்கள் இந்த வாக்கியத்தில் சிக்கிக்கொள்வார்கள். 'வசிக்கிறேன்' என்று தமிழில் நினைத்தால் தானாக வந்துவிடும். இந்த நிமிஷமே நடப்பதை அழுத்திச் சொல்ல எஸ்தோய் அப்லாந்தொ, பேசிக்கொண்டு இருக்கிறேன். பேசிக்கொண்டு ஒரு துண்டு, இருக்கிறேன் ஒரு துண்டு, அங்கேயும் அதே இரண்டு துண்டு, வரிசை மட்டும் தலைகீழ்.

பயிற்சி

அட்டவணையை மேலிருந்து கீழாக ஒப்பிப்பது, ஒப்பிக்கத்தான் கற்றுத்தரும். அப்லாமொஸ் வேண்டும் என்றால் ஆப்லொவிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் கிடைக்கும் என்கிற நிலைமை ஆகிவிடும், எதிரில் இருப்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார். அதற்குப் பதில் ஒரு பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முகம், ஆறு இடம். 1 நான், 2 நீ, இப்படியே 6 அவர்கள். ஒரு வினையை வைத்துக்கொண்டு உருட்டுங்கள், விழுந்த எண்ணுக்கு உரிய வடிவத்தை வாய்விட்டு ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள், அடுத்து அதையே நோ போட்டு. யோசிக்காமல் வருகிற வரை அதே வினை. பொஸோத்ரொஸ் வேண்டாம் என்பவர்கள் 5 விழுந்தால் உஸ்தேத் என்று வைத்துக்கொள்ளலாம், அந்தக் குழப்பத்துக்கும் ஒரு பயிற்சி ஆகிவிடும்.

இன்னொன்று, கேள்வி-பதில். உரையாடலில் பெரும்பாலும் நடப்பது தூ வடிவத்தில் வந்த கேள்விக்கு யோ வடிவத்தில் பதில் சொல்வதுதான். ஆப்லஸ் எஸ்பஞோல்? ஸீ, ஆப்லொ ஊன் போக்கொ. பீவெஸ் அக்கீ? நோ, நோ பீவொ அக்கீ. காது ஸ் என்ற வாலைக் கேட்டதும் வாய் ஒ-வுக்குத் தாவ வேண்டும். இந்தத் தாவல் பழகிவிட்டால் சின்னச் சின்னப் பேச்சு ஓடத் தொடங்கிவிடும், மற்ற நான்கு வடிவங்களும் அதற்கு அப்புறம் நிதானமாக வரட்டும்.

வரிசை என்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன்: ஆர் வகையில் நான், நீ, அவர் மூன்றும், உடனே ஸோய், எஸ்தோய், தேங்கொ, போய் நான்கும் முழுசாக, அப்புறம் க்யேரொ, ப்வேதொ, பிறகு ஏர், ஈர் வகைகள், பன்மைகள், உடையும் வினைகளைக் கடைசியாக, ஜோடி ஜோடியாக. ஒழுங்கானவை எல்லாம் முடிந்த பிறகுதான் ஒழுங்கற்றவை என்று புத்தக வரிசையில் போனால், அதிகம் தேவைப்படும் வினைகள் கடைசியில்தான் வரும்.

சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு 1713-இல் தொடங்கிய ரெஆல் அக்கதேம்ய எஸ்பஞோல என்ற ஸ்பானிய மொழி அமைப்பின் இணைய அகராதி இருக்கிறது, இலவசம். வினைச்சொல்லைத் தேடினால் அதன் முழு அட்டவணையும் வரும். அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: 'நிகழ்காலம்' என்ற தலைப்பு அட்டவணையில் இரண்டு இடத்தில் இருக்கும். நாம் இதுவரை பார்த்தது இந்திக்கத்தீவொ என்ற பகுதியில் இருப்பது. கீழே ஸுப்ஹுன்தீவொ என்ற பகுதியிலும் ஒரு நிகழ்காலம் உண்டு, அதில் ஆர் வினைக்கு எ-யும் ஏர், ஈர் வினைகளுக்கு அ-வும் என்று உயிர்கள் இடம் மாறி ஆப்லெ, கோம, பீவ என்று நிற்கும். விருப்பம், ஐயம், மரியாதையான ஏவல் போன்றவற்றுக்கான வடிவம் அது. இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆனால் யாராவது உங்களிடம் "ஆப்லெ" என்று சொன்னால், உஸ்தேத் முறையில் "பேசுங்கள்" என்கிறார் என்று புரிந்துகொண்டு பேச ஆரம்பிக்கலாம்.